களிமண் கலந்த நைலான்: வியாசர்பாடி மோல்டிங் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வாடிக்கையாளரின் புகார் இரண்டே வரி. சாதா நைலானில் செய்த மூடி எஞ்சின் சூட்டில் தொய்ந்து விளிம்பு விலகுகிறது. கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்து கொடுத்தால் சூட்டைத் தாங்குகிறது, ஆனால் மோல்டை விட்டு வெளியே வந்ததுமே முறுக்கிக்கொள்கிறது. நான்கு கொக்கிகளில் மூன்றுதான் மாட்டுகிறது.

மூடி உள்ளங்கை அளவு. இரு சக்கர வண்டியின் எஞ்சினை ஒட்டி உட்காரும். தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்க்ரூ கிடையாது, அழுத்தினால் கொக்கிகள் டக்கென்று பிடித்துக்கொள்ள வேண்டும். செய்வது வடசென்னை வியாசர்பாடி தொழிற்பேட்டையில் உள்ள, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திப் பாகம் எடுக்கும் ஒரு சிறிய இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்டும், 1955-இல் தொடங்கி திருவொற்றியூரில் வேரூன்றிய என்ஃபீல்டும் சுற்றுவட்டாரத்தில் உதிரிபாகத் தொழிலை வளர்த்துவிட்டன. பெரிய கார் கம்பெனிகள் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தென்மேற்கே போய்விட்டாலும், வடக்கே பட்டறைகள் அப்படியே இருக்கின்றன. பட்டறையின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை, விட்டுவிடுகிறேன். அங்கே பொருள் தேர்வுக்கும் சோதனைக்கும் நான் உதவினேன்.

கண்ணாடி இழை மூடி ஏன் முறுக்கியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நைலான் குழம்பு மோல்டுக்குள் ஓடும்போது இழைகள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஆறும்போது அந்தத் திசையில் சுருக்கம் குறைவு, குறுக்கே அதிகம். கட்டியான பாகமென்றால் தெரியாது. தட்டையான, மெல்லிய மூடியில் இரண்டு சுருக்கமும் ஒன்றையொன்று இழுத்து மூலையைத் தூக்கிவிடும். குழம்பு மோல்டுக்குள் நுழையும் வாயான கேட்டின் இடத்தை மாற்றிப் பார்த்தார்கள், ஆறவைக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். முறுக்கல் குறைந்தது, போகவில்லை.

இந்த நேரத்தில்தான் மூலப்பொருள் விற்கும் ஒருவர் ஒரு மூட்டையோடு வந்தார். "நானோ களிமண் சார். அஞ்சு பெர்சன்ட் போடுங்க, போதும். டொயோட்டாவே போட்டிருக்கான்." மூட்டையில் இளமஞ்சள் நிறத்தில் மாவு போன்ற தூள். கையில் தேய்த்தால் டால்கம் பவுடர் போல வழுக்கும்.

டொயோட்டா என்ன செய்தது

விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொன்னார். டொயோட்டாவின் மத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் 1980-களில் ஒக்காடா, உசுகி, கவசூமி, குராவுச்சி, கமிகைட்டோ ஆகியோர் நைலான் 6-க்குள் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணைச் சேர்த்தார்கள். அந்தப் பொருளில் டொயோட்டா செய்த முதல் பாகங்களில் ஒன்று எஞ்சினின் டைமிங் பெல்ட் மூடி. வியாசர்பாடி மூடிக்கு அது பெரியப்பா முறை: மெல்லியது, தட்டையானது, எஞ்சின் பக்கத்தில் சூட்டில் வாழ்வது.

அவர்கள் வெளியிட்ட எண்கள் இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் எண்கள். எடையில் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் களிமண் சேர்த்ததற்கு, இழுவிசை வலிமை 69 மெகா பாஸ்கலிலிருந்து 107-க்கு ஏறியது. விறைப்பைக் காட்டும் இழுவைக் குணகம் 1.1 கிகா பாஸ்கலிலிருந்து 2.1 ஆனது. சுமையோடு சூடாக்கும்போது பொருள் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸிலிருந்து 145-ஐ எட்டியது. சாதா நைலான் மூடி தொய்ந்ததற்கும் இந்த 65 என்ற எண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நைலான் 6 உருகுவதென்னவோ 220 டிகிரியில்தான். ஆனால் சுமை ஏற்றினால் அதற்கு வெகு முன்பே அது தளர்ந்துவிடும்.

விற்பனையாளர் சொல்லாமல் விட்ட பாதி, டொயோட்டா மண்ணைத் தூளாகக் கொட்டிக் கலக்கவில்லை என்பது. களிமண்ணின் அடுக்குகளுக்கு நடுவே முதலில் 12-அமினோலாரிக் அமிலத்தைப் புகுத்தினார்கள். பிறகு நைலானின் மூலமான கேப்ரோலாக்டத்தை அந்த இடைவெளிக்குள் ஊறவிட்டு, அங்கேயே பாலிமராக, அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலியாக, வளர்த்தார்கள். சங்கிலி உள்ளிருந்து வளர வளர அடுக்குகள் விலகின. சங்கிலியின் நுனிகள் மண் தகட்டோடு மின்னேற்றத்தால் பிணைந்தும் இருந்தன. இது பாலிமர் தயாரிக்கும் ஆலையின் வேலை. மோல்டிங் பட்டறையில் நடக்கிற காரியமில்லை.

எந்த மண்

பட்டறை முதலாளிக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. "நம்ம ஃபவுண்டரிக்காரங்க மோல்டு மண்ணுல போடுற பென்டோனைட்டும் இதேதானே சார்? அது மூட்டை எவ்ளோ சல்லிசு!" ஆமாம், அதேதான். பென்டோனைட்டின் பெரும்பகுதி மான்ட்மோரில்லோனைட். வார்ப்புப் பட்டறையில் ஈர மணலைக் கட்டிப்பிடிக்க வைப்பதும், பைலிங் போடும்போது குழி சரியாமல் தாங்கும் குழம்பும் இந்த மண்தான். நம் நாட்டில் கட்ச்சிலும் ராஜஸ்தானின் பார்மர் பக்கத்திலும் தோண்டி எடுக்கிறார்கள்.

எல்லாக் களிமண்ணும் இந்த வேலைக்கு ஆகாது. ரப்பர் கம்பெனிகள் காலங்காலமாக நிரப்பியாகப் போடும் சீனக் களிமண், அதாவது கயோலின், இதில் சேராது. அதன் அடுக்குகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கிடக்கின்றன. தண்ணீரில் போட்டாலும் விரியாது. மான்ட்மோரில்லோனைட்டின் அடுக்குகளுக்கு நடுவே சோடியம், கால்சியம் அயனிகள் தளர்வாக இருப்பதால் தண்ணீர் உள்ளே புகும், மண் ஊதும். ஊதுகிற மண்ணுக்குள்தான் வேறு எதையாவது புகுத்த முடியும்.

ஒவ்வொரு தகடும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன். அகலம் நூறு முதல் சில நூறு நானோமீட்டர் வரை. முழுக்கப் பிரித்தால் ஒரு கிராம் மண்ணின் பரப்பு 700 சதுர மீட்டருக்கு மேல். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஆக ஒரு கிராம் மண்ணைத் தகடு தகடாகப் பிரித்து விரித்தால் மூன்று கிரவுண்டுக்கு மேல் வரும். பிரிக்காமல் போட்டால் அது வெறும் தூள், சுண்ணாம்புத் தூளோடு அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

விறைப்புக் கணக்கும் இதையொட்டித்தான். ஒற்றைத் தகட்டின் விறைப்பு 170 கிகா பாஸ்கலுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கண்ணாடி இழைக்கு ஏறத்தாழ 72. தகடு தனியாக நின்றால் அதன் அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் நூறை ஒட்டி இருக்கும். பத்துத் தகடுகள் ஒட்டிய கட்டாக இருந்தால் அதே விகிதம் பத்துக்கு வந்துவிடுகிறது, நடுவில் வேறு மென்மையான பொருளும் சிக்கிக்கொள்கிறது. மண் அதே மண், எடை அதே எடை. பலன் மட்டும் காணாமல் போகிறது.

ஃபவுண்டரி மூட்டை ஏன் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். அதில் குவார்ட்ஸ் மணலும் வேறு கற்பொடியும் இருக்கும். சுத்திகரிக்காமல் போட்டால் ஒவ்வொரு துகளும் விரிசல் தொடங்கும் இடம். இன்னொன்று, அந்த மண் தண்ணீரை விரும்பும், உருகிய பிளாஸ்டிக்கை விரும்பாது. அதனால்தான் சோடியத்தை எடுத்துவிட்டு, நீண்ட கொழுப்புச் சங்கிலி கொண்ட அமோனியம் உப்பை அடுக்குகளுக்குள் ஏற்றுகிறார்கள். அந்த இளமஞ்சள் தூள் இப்படிச் சீராக்கப்பட்ட மண்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். அதே டொயோட்டா கூடத்தில் 2003-இல் ஹசெகாவா குழுவினர் சீராக்காத சோடியம் மண்ணைத் தண்ணீரில் குழம்பாக்கி, உருகிய நைலானுக்குள் நேரடியாகப் பம்ப் செய்து, தண்ணீரை ஆவியாக வெளியேற்றி நல்ல கலவை எடுத்தார்கள். தண்ணீரில் ஏற்கெனவே பிரிந்திருந்த தகடுகளை அப்படியே நைலானிடம் ஒப்படைத்தார்கள், அவ்வளவுதான். ரசிக்கத்தக்க யோசனை. ஆனால் அதற்கும் ஆவி உறிஞ்சும் வசதியுள்ள நல்ல எக்ஸ்ட்ரூடர், அதாவது பிளாஸ்டிக்கை ஸ்க்ரூவால் உருக்கிக் கலந்து தள்ளும் மெஷின், வேண்டும்.

முதல் ஓட்டம்

பட்டறையில் என்ன செய்தார்கள் என்றால், நைலான் குருணையை டிரம்மில் போட்டு, ஐந்து சதவீதத் தூளைத் தூவி, உருட்டி, நேராக மோல்டிங் மெஷினின் மேலுள்ள புனலான ஹாப்பரில் கொட்டினார்கள். கலர் மாஸ்டர்பேட்ச் என்ற நிறக் குருணையைக் கலக்கும் அதே பழக்கம்.

வந்த மூடிகள் தேநீர் நிறத்தில் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ரவை ரவையாகப் புள்ளிகள். நைலான் உருகும் குழாயான பேரலைத் திறந்தபோது மீன் எண்ணெய் கருகியது போன்ற வாடை. கொக்கியை வளைத்தால் சட்டென்று முறிந்தது. அடுப்பில் வைத்துப் பார்த்தால் சாதா நைலானைவிடக் கொஞ்சம்தான் தேவலை.

"மண்ணைப் போட்டா மண்ணாத்தானே சார் போகும்" என்றார் முதலாளி. மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடும் முடிவில் இருந்தார். அதற்கு முன்பு என்னதான் நடந்தது என்று பார்த்துவிடலாம் என்று மூன்று சோதனைகள் செய்தோம். மூன்றில் மலிவானதுதான் அதிகம் பேசியது.

அது சாம்பல் சோதனை. மூடியிலிருந்து 5 கிராம் வெட்டி எடுத்து, பீங்கான் குடுவையில் வைத்து, மஃபிள் உலையில் 900 டிகிரியில் எரித்து, மிஞ்சியதை எடை போடுவது. நைலான் முழுக்கப் போய்விடும், மண்ணின் கனிமப் பகுதி மட்டும் மிஞ்சும். இங்கே ஒரு கணக்கு உண்டு. அந்த வகைத் தூளில் நூற்றுக்கு 38 பங்கு வரை கொழுப்பு உப்புதான், எரிந்து போகிற சமாச்சாரம். ஆக 5 சதவீதம் தூள் போட்டால் உண்மையான மண் 3.1 சதவீதம்தான், 5 கிராமில் 155 மில்லிகிராம் சாம்பல் வரவேண்டும். டொயோட்டா சொன்ன நான்கு சொச்சம் சதவீதம் கனிம அளவு. விற்பனையாளர் சொன்ன அஞ்சு பெர்சன்ட் தூளின் அளவு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஆரம்பத்திலேயே மண் குறைவு.

அதைவிடப் பெரிய விஷயம், சாம்பல் மூடிக்கு மூடி மாறியது. ஹாப்பர் நிரம்பியதும் வந்த மூடிகளில் அதிகம். தீரும் நேரத்தில் வந்தவற்றில் அதில் பாதிகூட இல்லை. ஹாப்பரின் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தபோதே காரணம் தெரிந்தது. மெஷின் ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அதிர்கிறது. குருணைகளின் இடுக்கு வழியாகத் தூள் சலித்துக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே பளபளவென்று வெறும் நைலான், அடியில் மாவு. ஆபரேட்டர் தம்பி இதை முன்பே கவனித்திருந்தார், கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்தது எக்ஸ்-ரே விளிம்பு விலகல். இதை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்தார்கள். அடுக்குகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் வரைபடத்தில் குறிப்பிட்ட கோணத்தில் ஒரு முகடு வரும். அடுக்கிடைத் தூரம் கூடினால் முகடு சிறிய கோணத்துக்கு நகரும். சீராக்காத சோடியம் மண்ணுக்கு 7 டிகிரியை ஒட்டி, அதாவது 1.2 நானோமீட்டர் தூரம். அந்தத் தூளுக்கு 3.6-ஐ ஒட்டி, சுமார் 2.4 நானோமீட்டர். நைலான் உள்ளே புகுந்திருந்தால் முகடு இன்னும் சிறிய கோணத்துக்குப் போயிருக்க வேண்டும், அல்லது கரைந்தே போயிருக்க வேண்டும். மாறாக அது பெரிய கோணத்தின் பக்கம் நகர்ந்திருந்தது. அடுக்குகள் விலகவில்லை, நெருங்கியிருக்கின்றன.

அந்த மீன் எண்ணெய் வாடைக்கு விளக்கம் அங்கே கிடைத்தது. அமோனியம் உப்புகள் 200 டிகிரியை ஒட்டியே சிதையத் தொடங்கும். நைலான் 6-ஐ 230-க்குக் கீழே ஓட்ட முடியாது. பட்டறையில் பேரல் 260-க்கு மேல் இருந்தது. கண்ணாடி இழை நைலானுக்கு வைத்த அமைப்பை யாரும் மாற்றவில்லை. நைலான் உள்ளே போவதற்குள் வழியைத் திறந்து வைத்திருந்த கொழுப்புச் சங்கிலி கருகி வெளியேறிவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

மூன்றாவது, நைலானின் ஈரப்பதம். நைலான் 6-ஐ மோல்டு செய்யும்போது ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பட்டறையில் இருந்தது சாதாரண சூடான காற்று டிரையர். வெளிக்காற்றை உறிஞ்சி, சூடாக்கி, குருணைமேல் ஊதும். கொடுங்கையூர் பக்கம் அக்டோபர், நவம்பர் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு இந்த டிரையர் உலர்த்தாது, வெதுவெதுப்பாக வைத்திருக்கும். ஈரத்தோடு உருகினால் நைலான் சங்கிலி அறுபடும், உருகல் தண்ணியாகும், தண்ணியான உருகலால் தகடுகளை உரித்துப் பிரிக்க முடியாது. மண்ணும் தன் பங்குக்கு ஈரம் பிடித்துவைத்திருக்கும் என்பதால் அதையும் தனியே உலர்த்த வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு அடிப்படைக் கோளாறு. மோல்டிங் மெஷினில் இருப்பது ஒற்றை ஸ்க்ரூ. அது உருக்கும், தள்ளும், ஓரளவு கலக்கும். தகடுகளை உரிப்பதற்குத் தேவையான பிசைதலும் நேரமும் அதில் கிடையாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சோ, பால் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் உருக்கிக் கலந்தே, பாலிமராக வளர்த்த கலவைக்கு ஈடான நைலான் கிடைக்கும், ஒற்றை ஸ்க்ரூவில் அந்த அளவு பிரிவு வராது. சிறு பட்டறைகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததே இப்படி உருக்கிக் கலக்கலாம் என்று தெரிந்த பிறகுதான்.

இரண்டாம் ஓட்டம்

மணலி பக்கம் ஜாப் ஒர்க்காக காம்பவுண்டிங், அதாவது பிளாஸ்டிக்கோடு சேர்மானங்களை உருக்கிக் கலப்பது, செய்து தரும் ஒருவரிடம் இரட்டை ஸ்க்ரூ மெஷின் இருந்தது. மூன்று விஷயங்களை மாற்றினோம்.

முதலாவது தூளின் வகை. முதல் மூட்டையில் இருந்த உப்புக்கு இரண்டு கொழுப்பு வால்கள். அது பிபி (பாலிப்ரொப்பிலீன்) போன்ற எண்ணெய்த் தன்மை கொண்ட பிளாஸ்டிக்குக்குச் சரி. நைலான் நேராக மண் தகட்டோடு ஒட்டவே விரும்பும். இரண்டு வால் இருந்தால் தகட்டை மூடி மறைத்துவிடும். பால் குழுவினரின் பிந்தைய ஆய்வுகளில் நைலான் 6-க்கு ஒற்றை வால் உப்பே நன்றாகப் பிரிகிறது என்று தெளிவாக வந்திருக்கிறது. விற்பனையாளரிடம் இரண்டு வகையும் இருந்தது. எதைத் தருவது என்று அவர் யோசிக்கவில்லை, இருப்பில் எது அதிகமோ அதைத் தந்திருக்கிறார். ஒற்றை வால் வகையில் எரிந்து போகும் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி. ஆக 4 சதவீதம் கனிமம் வேண்டுமென்றால் 5.7 சதவீதம் தூள்.

இரண்டாவது வெப்பநிலை. பேரலை 240 டிகிரிக்கு இறக்கினோம். ஸ்க்ரூ சுழற்சியையும் கண்டபடி ஏற்றவில்லை. வேகமாகச் சுற்றினால் நன்றாகப் பிரியும் என்று தோன்றும்; உராய்வுச் சூட்டில் உருகல் திரையில் காட்டும் வெப்பநிலையைவிட மேலே போய்விடும். தகடு பிரிவது வெறும் அடிதடியால் நடப்பதில்லை. முதலில் பிசைதல் கட்டுகளைச் சாய்த்து வழுக்கவைக்கும். பிறகு சங்கிலிகள் மெல்ல உள்ளே ஊறி ஓரத் தகடுகளை ஒவ்வொன்றாக உரிக்கும். அந்த ஊறலுக்கு நேரம் தேவை. பிசையும் பகுதி ஸ்க்ரூவின் நடுவில் இருக்க வேண்டும், அதன்பின் கொஞ்சம் அமைதியான நீளம் வேண்டும் என்று கேட்டபோது காம்பவுண்டர் முனகினார். ஸ்க்ரூவைப் பிரித்து மாட்டுவது அவருக்கு ஒரு ஷிப்ட் வேலை.

மூன்றாவது, தூளை நைலானோடு கலந்து கொட்டாமல், நைலான் உருகிய பிறகு பக்கவாட்டு ஃபீடர் வழியாக அளந்து ஊட்டியது. ஹாப்பர் பிரிவினைக்கு இதுவே மருந்து.

எக்ஸ்ட்ரூடரிலிருந்து வெளியே வந்த பிளாஸ்டிக் இழை தேன் நிறத்தில் கண்ணாடி போல இருந்தது. நூலாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ரவை இல்லை. சாம்பல் எடை மூட்டைக்கு மூட்டை ஒத்துவந்தது. எக்ஸ்-ரேயில் முகடு காணவில்லை. இதைப் பார்த்ததும் காம்பவுண்டர் "முழுசா பிரிஞ்சிடுச்சு சார்" என்று சந்தோஷப்பட்டார். இங்கே நான் கொஞ்சம் பிரேக் போட வேண்டியிருந்தது. முகடு மறைந்தால் பிரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மண் அளவு குறைவாக இருந்தாலும் மறையும்; கட்டுகள் ஒழுங்கில்லாமல் கலைந்து கிடந்தாலும் மறையும்; மாதிரியை வைத்த கோணத்தாலும் மறையும். நிச்சயமாகத் தெரிய ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வேண்டும். அது எடுத்தோம். பெரும்பாலும் ஒற்றைத் தகடுகள், ஆங்காங்கே இரண்டு மூன்று ஒட்டியவை. விளம்பரக் கையேட்டுப் படம் அளவுக்கு அழகில்லை, வேலைக்குப் போதும்.

மூடியை அச்சடித்துத் தட்டைக் கல்லில் வைத்தபோது நான்கு மூலையும் படிந்தன. நானோமீட்டர் தகடுகள் இழை போல ஒரே திசையில் இழுப்பதில்லை. ஓட்டத்தின் தளத்தில் படுத்துக்கொள்வதால் நீளத்திலும் குறுக்கிலும் சுருக்கம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அடுப்புச் சோதனையில் விளிம்பு விலகவில்லை. எடையும் குறைந்தது. 30 சதவீதக் கண்ணாடி நைலானின் அடர்த்தி 1.36, மண் கலந்தது 1.16-ஐ ஒட்டி. அதே மோல்டுக்கு ஏழில் ஒரு பங்கு பிளாஸ்டிக் மிச்சம். கண்ணாடி இழை மோல்டின் கேட்டை அரம் போல ராவிவிடும் என்பதால் அந்தச் செலவும் குறையும். முதலாளியின் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது இந்தக் கணக்கைக் கேட்டபோதுதான்.

கொக்கி முறிந்த விவகாரம்

சரி, முடிந்தது என்று நினைத்து முதல் லாட் போனது. திரும்பி வந்தது. மூடி வளையவில்லை, ஆனால் மாட்டும்போது கொக்கி முறிகிறது என்று புகார்.

இழுவைச் சோதனை எண்களில் வலிமை நன்றாகவே இருந்தது. களிமண் கலவைகளின் பலவீனமே இதுதான்: விறைப்பு கூடும், நீட்சி குறையும். சாதா நைலான் கொக்கி வளைந்து கொடுக்கும். இது அவ்வளவு கொடுக்காது. இருந்தாலும் முறிகிற அளவுக்குப் போகக் கூடாது. முடிச்சை அவிழ்த்தது சோதனைக்கூடம் இல்லை, பிசிர் வெட்டும் மேசையில் இருந்த அக்கா.

நைலான் பாகங்களை மோல்டு செய்ததும் மாட்ட மாட்டார்கள். காய்ந்த நைலான் உடையக்கூடியது. கொஞ்சம் தண்ணீர் குடித்தால்தான் வளையும். அந்தப் பட்டறையில் மூடிகளை ராத்திரி முழுக்கத் தண்ணீர் டிரம்மில் போட்டு, காலையில் எடுத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது வழக்கம். அக்கா இரண்டு மூடிகளைக் கையில் எடுத்துச் சுண்டிக் காட்டினார். பழையது மந்தமாக 'டொப்' என்றது. புதியது பீங்கான் தட்டு மாதிரி ஒலித்தது. "இது ஊறவே இல்ல சார். நேத்து போட்டது இன்னும் தண்ணியே குடிக்கல."

எடை போட்டுப் பார்த்ததில் அவர் சொன்னது சரி. காரணமும் அந்த மண்தான். தகடுகள் குறுக்கே குறுக்கே நிற்பதால் தண்ணீர் மூலக்கூறு நேராகப் போக முடியாது, சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். உணவுப் பொட்டலப் படலத்துக்கு இந்த மண்ணைத் தேடுவது இதே குணத்துக்காகத்தான். ஆக்சிஜனும் ஈரமும் ஊடுருவாமல் தடுக்கும். டொயோட்டாவின் அட்டவணையிலேயே இது இருக்கிறது: ஒரு நாள் ஊறியபோது உறிஞ்சிய நீர் 0.87 சதவீதத்திலிருந்து 0.51-ஆகக் குறைந்தது. அதை நன்மை என்ற பத்தியில் போட்டிருப்பார்கள். நன்மைதான். ஆனால் ஒரு ராத்திரி ஊறல் என்ற பட்டறைப் பழக்கம் சாதா நைலானுக்காகப் பிறந்தது. பொருளை மாற்றியவர்கள் டிரம்மை மாற்றவில்லை.

டிரம்மில் ஹீட்டர் போட்டுத் தண்ணீரைச் சூடாக வைத்தார்கள், ஊறல் வேகமானது. நேரம் முடிந்ததா என்று கடிகாரம் பார்ப்பதற்குப் பதில், ஒவ்வொரு தொகுதியிலும் சில மூடிகளை ஊறுமுன்னும் பின்னும் எடை போட்டு முடிவு செய்கிறார்கள். எடைத் தராசு இப்போது அக்காவின் மேசையில். கூடவே மோல்டில் கொக்கியின் அடிப்பகுதியில் இருந்த கூர் மூலையை உருட்டையாக்கினார்கள். இது மண்ணே போடாவிட்டாலும் செய்திருக்க வேண்டிய திருத்தம். முறிவு நின்றது.

எதற்கு ஆகாது

மூடி வெற்றி பெற்றதும் முதலாளி அதே பொருளில் ஒரு பிராக்கெட்டையும் செய்ய ஆசைப்பட்டார். வேண்டாம் என்று சொன்னேன். 30 சதவீதக் கண்ணாடி இழை நைலானின் விறைப்பு, காய்ந்த நிலையில் 9 கிகா பாஸ்கலை ஒட்டி இருக்கும். நான்கு சதவீத மண் அதில் பாதியைக்கூட எட்டாது. பளு தூக்கும் பாகத்தில் இழைக்கு மாற்று மண் இல்லை. மண்ணை இன்னும் அதிகம் போட்டால் என்ன என்றால், ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் தகடுகளுக்குத் தனியாக நிற்க இடம் போதாது. மறுபடி கட்டு கட்டாகச் சேரும், உடைதன்மைதான் கூடும்.

பிபியில் செய்து பார்த்ததை நீட்ட வேண்டியதில்லை. பிபிக்கு மண்ணோடு எந்த ஒட்டுறவும் கிடையாது. நடுவில் மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிபியைத் தரகராகச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் நைலான் அளவுக்குப் பிரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2002-இல் தன் வேன்களின் கால்படிக்கு இந்த வகைக் கலவையைப் பயன்படுத்தியது உண்மை. வியாசர்பாடியில் செய்த பக்கெட் கைப்பிடிக்கு டால்க் போட்ட பிபியே போதும், விலையும் பாதி.

இப்போது பாக்கி நிற்பது ரன்னர் கழிவு, அதாவது மோல்டுக்கு வழிவிடும் கால்வாயில் உறைந்து மிஞ்சும் பிளாஸ்டிக். சாதா நைலானில் ரன்னரை அரைத்துப் புதுக் குருணையோடு கலந்து ஓட்டுவது எல்லோரும் செய்வது. மண் கலந்த நைலானை மறுபடி உருக்கினால் மிச்சமிருக்கும் அமோனியம் உப்பு மேலும் சிதைகிறது. நிறம் இறங்குகிறது, கொக்கி பழையபடி உடையத் தொடங்குகிறது. பத்து சதவீதத்துக்கு மேல் திரும்பப் போடக் கூடாது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் அன்றே அரைத்து அன்றே ஓட்டுவதாக இருந்தால் மட்டும். மீதி விலைக்குப் போகிறது. வாங்கிப் போகும் அரவைக்காரர் அதைச் சாதா நைலானோடு சேர்த்துவிட்டால், அடுத்த தெருவில் யாரோ ஒருவரின் கொக்கி காரணம் தெரியாமல் முறியும். ஆகவே இந்தக் கழிவுக்கு மட்டும் தனிச் சாக்கு, சாக்கின்மேல் பெயின்டில் எழுத்து. அரவைக்காரர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் எடுக்கிறார். முதலாளி இன்னும் அதற்காகப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.